வாழைக்குலையும் பனிமலையும்

பனிச்சறுக்கு என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு டி.வி.யில் பார்க்கிற சங்கதி. தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான். பனி மாதிரி வெள்ளையாக நான் பார்த்ததெல்லாம் உப்பு அம்பாரம் ஒன்றுதான். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு கண்டதையும் படிக்கிற பழக்கத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பனிமலையில் ஆளை உட்கார வைத்து மேலே தூக்கிப் போகும் நாற்காலி இருக்கிறதே, அந்த யோசனை கப்பலில் வாழைக்குலை ஏற்றுவதைப் பார்த்து வந்ததாம்! துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் விடுவேனா?

முன்பெல்லாம் சறுக்க ஆசைப்பட்டவன் முதலில் மலை ஏறியாக வேண்டும். பலகைக்கு அடியில் சீல் தோலைக் கட்டிக்கொள்வார்கள். அதன் முடி பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் ஏறினால் சில நிமிஷம் சறுக்கல். 1934இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ஃபோர்டு மாடல் டி எஞ்சினை வைத்துக் கயிறு ஓட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப் போகும்.

1936இல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைவர் ஆவரெல் ஹாரிமன், குளிர்காலத்தில் ரயிலுக்கு ஆள் சேர்க்க, ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்று ஒரு பனிச்சறுக்கு ஊரையே உண்டாக்கினார். அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஜிம் கரன், வாழைக்குலை ஏற்றும் சாதனத்தை அறிந்தவர். ஓடுகிற வடம், அதில் கொக்கி, கொக்கியில் குலை. கொக்கிக்குப் பதில் நாற்காலி, குலைக்குப் பதில் மனுஷன். அவ்வளவுதான்! சோதனை நடந்த ஒமாஹாவில் அப்போது பனி இல்லை. அதனால் சறுக்குப் பலகைக்குப் பதிலாக ரோலர் ஸ்கேட் மாட்டி ஆளை நிறுத்திப் பார்த்தார்களாம்.

இதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் பழைய துறைமுகத்தில் ஆழம் குறைவு. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போடும். சரக்கு தோணியில்தான் போகும், வரும். ஏற்றி இறக்குவது மனுஷத் தோள். அப்பாவின் தோளும் அதில் ஒன்று. வலது தோளில் கல் மாதிரி காய்ப்பு இருக்கும். 1974 ஜூலை 11ஆம் தேதி புதுத் துறைமுகம் திறந்தார்கள். பிறகு அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோக கன்வேயர் பெல்ட் வந்தது. அது ஓடுவதை அப்பாவுக்கு ஒரு நாள் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது முன்னமே வந்திருந்தா என் தோளு தப்பிச்சிருக்கும்லா" என்றார். கொஞ்சம் கழித்து, "இம்புட்டுப் பயலுவளும் இனி எங்க போவானுவ?" என்றார்.

ரிட்டயர் ஆன அடுத்த பிப்ரவரியில் நானும் வீட்டம்மாவும் காஷ்மீரில் குல்மார்க் போனோம். ஆங்கிலேயர்கள் 1927இலேயே அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதன்முதலில் இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. போலந்து வம்சாவளி. குல்மார்க் கோண்டோலாவின் முதல் கட்டம் 1998இல் ஓட ஆரம்பித்தது, இரண்டாவது 2005இல். அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

எங்களுக்கு அன்று டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு ஸ்லெட்ஜ் பிடித்தோம். மரப்பலகை வண்டி. கயிற்றைத் தோளில் போட்டு மனுஷன்தான் இழுக்க வேண்டும். என்னை இழுத்தவருக்கு ஐம்பது வயசிருக்கும், நீளமான ஃபெரன் அங்கி போட்டிருந்தார். கோண்டோலா வந்ததில் பிழைப்பு எப்படி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"அது வந்த பிறகுதான் ஊருக்கு நிறைய ஆள் வருது. வந்தவங்க அதில ஏறிப் போயிடறாங்க. டிக்கெட் கிடைக்காதவங்க எனக்கு" என்று சிரித்தார். அப்பா கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் மாதிரி இருந்தது.

மேடு செங்குத்தான இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. கயிறு அந்தக் கனத்த ஃபெரனையும் அழுத்திக்கொண்டு தோளில் பதிந்திருந்தது. இறங்கி நடக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பாதிக் கூலிதான் தருவேனோ என்று பயம். பேசிய பணம் முழுசும் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் என்னை இறங்க விட்டார்.