ஆறு கடலைத் தொடும் ஊர்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்களா? புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தாருக்குக் கோலசிலாங்கூர் எட்டிப் பார்க்கும் தூரந்தான். ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள்.

மாலையில் மலாவத்தி குன்றின்மேல் ஏறுங்கள். 1784-இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டை இது. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே நிற்கிறது. கீழே சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும். அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமம்.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் துடுப்புச் சம்பானில் ஏறுங்கள். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். ஆண் பூச்சி பெண்ணைக் கூப்பிடும் கூப்பாடு அது!

இந்த அழகு மரத்தில் மட்டும் இல்லை. மின்மினி புழுவாக இருக்கும்போது கரையின் ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரைக்காட்டை அழித்துச் செம்பனை நட்டாலோ, ஆற்றோரம்வரை மருந்தடித்தாலோ, மரம் நின்றாலும் விளக்கு அணைந்துவிடும். அதனால்தான் 2009-இல் மாநில அரசு இந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்புப் பகுதியாக்கியது.

செம்பனை நட்டதும் மருந்துப் பம்பு சுமந்ததும் நம் கைகள்தாமே! ஆற்றோரத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாமும் தெரிந்துகொள்வோம். நாளை நம் பேரப்பிள்ளைகளும் சம்பானில் ஏற வேண்டாமா?