உம்மாவின் இரத்தம்

2003இல் நோன்பு ஒக்டோபர் இறுதியில் தொடங்கியது. நான் திருநெல்வேலியில் வளாகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி, ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஏ-9 பாதை திறந்திருந்த காலம். புத்தளத்திலிருந்து உம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு அவர் யாழ்ப்பாண மண்ணை மிதித்தது அதுவே முதல் தடவை. சோனகத் தெருவுக்குப் போய், எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். இயன்ற மட்டும் சொன்னேன். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் சுயாதீன மூலிகங்களாக மாறுகிறது. அவற்றை அடக்கும் சக்தி குறைந்தால் கொழுப்பும் புரதமும் மரபணுவும் பழுதாகும். 1985இல் ஹெல்மட் சீஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்தச் சமநிலைக் குலைவையே ஒட்சியேற்ற அழுத்தம் என்று வரையறுத்தார். மூலிகத்தை நேரே பிடிக்க முடியாது, கணத்தில் மறைந்துவிடும். அது விட்டுப்போகும் தடயத்தைத்தான் இரத்தத்திலும் சிறுநீரிலும் தேடுகிறோம். கொழுப்புப் பழுதாகும்போது உண்டாகும் மலோன்டைஅல்டிஹைட்டை தயோபாபிற்றூரிக் அமிலத்தோடு சேர்த்து 95 பாகையளவில் சூடாக்கினால் றோஸ் நிறம் வரும். 532 நனோமீற்றர் ஒளியில் அந்த நிறத்தை அளப்போம்.

உம்மாவுக்கு நீரிழிவு. அந்நோயாளரிடம் இந்த அழுத்தம் கூடுதலாக இருக்கும் என்றேன்.

"அப்ப என்ட இரத்தத்தையும் பாரு மகன். அந்த நாளும் அதில தெரியுமோ?"

"நோன்பல்லவா, உம்மா?"

"இரத்தம் குத்தி எடுத்தாலும் நோன்பு முறியாது எண்டு நம்மட ஷாஃபி மத்ஹபிலயே இருக்கு."

அன்று ஒக்டோபர் 30. இரத்தத்தை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்தேன். சிறிது நேரத்தில் மின்சாரம் போயிற்று. அது திரும்பி வந்தபோது பனி உருகி, குழாய் அறையின் சூட்டுக்கு வந்திருந்தது. இருந்தும் அளந்தேன். நிறம் அடர்த்தியாக வந்தது. அதுவரை நான் கண்ட இலக்கங்களிலெல்லாம் அதுவே பெரியது.

பக்கத்திலிருந்த நண்பர் சொன்னார்: "எழுதி வையும். பதின்மூன்று வருஷத் துயரம் இது."

எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் குளிரிலிருந்து வெளியே வந்த இரத்தம் குழாய்க்குள்ளேயே தொடர்ந்து ஒட்சியேறும். சீனியும் அந்த அமிலத்தோடு சேர்ந்து நிறம் காட்டும். உம்மாவின் இரத்தத்தில் சீனிக்குக் குறைவில்லை. அந்த இலக்கத்தில் உம்மா எவ்வளவு, மின்வெட்டு எவ்வளவு, சீனி எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? சரியாக அளந்திருந்தாலும் அது அன்றைய உடலின் நிலையைச் சொல்லுமே தவிர, 1990ஐச் சொல்லாது. குழாயைக் கொட்டிவிட்டேன்.

நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது சொன்னேன். "பிழையாப் போச்சு, உம்மா. எடுத்த உடனே குளிரில பாதுகாத்திருக்க வேணும்."

உம்மா கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட கதையும் அப்பிடித்தான். அப்ப ஆரும் எழுதி வைக்கேல்ல. இப்ப நான் சொல்லுறதில எது நான் கண்டது, எது முகாமில கேட்டது எண்டு எனக்கே விளங்குதில்ல."

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் சமூகத்தில் அந்த நாளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் தான் கண்டதையும் கேட்டதையும் இப்படிப் பிரித்துப் பார்க்க முன்வந்தவர்கள் குறைவு. எங்களுக்கு நடந்தது பெரிய அநீதி. அதைப் பெருப்பிக்கத் தேவையில்லை.

தராவீஹ் முடிந்து வந்து ஒரு கொப்பியை எடுத்தேன். இரண்டு நிரல்கள் கீறினேன்: கண்டது, கேட்டது. உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். சில இடங்களில் "இது தெரியாது, விடு" என்றார். விட்டேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்டது என்ற நிரல் சிறியது. வீட்டுத் திறப்பை வாங்கி வைத்தவனின் கை நடுங்கியது என்ற ஒரு வரி அதில் இருக்கிறது. உம்மா கண்டது அது.