வாசலில் அடுக்கிய சிதை

ஆலுவாவில் கொச்சி மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிலையம் களமசேரி. தொழிற்சாலைகளின் ஊர். அடுத்து பல்கலைக்கழகம், அதற்கடுத்து பத்தடிப்பாலம். 2017 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், பத்தடிப்பாலத்தை ஒட்டிய மானாத்துப்பாடத்தில், ஒரு குடும்பத் தலைவி தன் வீட்டு வாசலில் விறகை அடுக்கிச் சிதை தயாராக வைத்திருந்தார். மலையாளத்தில் 'பாடம்' என்றால் வயல். இன்று வயலைத் தேட வேண்டும்.

கதை பழையது. நண்பர் ஒருவர் வாங்கிய 2 லட்ச ரூபாய் கடனுக்கு, 1994இல் இந்தக் குடும்பம் ஜாமீன் நின்றது. கடன் கொடுத்த லார்ட் கிருஷ்ணா வங்கி 2007இல் செஞ்சூரியன் வங்கியில் கரைந்தது. அது மறுவருடம் எச்.டி.எஃப்.சி.யில் கரைந்தது. கடன் மட்டும் கரையவில்லை. 2 கோடியைத் தாண்டிவிட்டதாக வங்கி கணக்குச் சொன்னது. 2014இல் பதினெட்டரை சென்ட் நிலமும் வீடும் 37.8 லட்சத்துக்கு ஏலம் போயின. சென்ட் 2 லட்சம் சொச்சம்! மெட்ரோ ஓரத்தில் அந்த விலைக்கு நிலம் கேட்டால் சிரிப்பார்கள்.

2018 ஜூலையில் போலீசோடு வந்த அதிகாரிகளை ஊர்க்காரர்களும் போராட்டக்காரர்களும் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நவம்பரில், நீதிமன்ற உத்தரவுப்படி, குடும்பம் வெளியேறியது. 2019 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஏலத்தையே ரத்து செய்தது. ஆனால் வீடு திரும்ப வேண்டுமானால் ஒரு மாதத்துக்குள் வங்கிக்கு 43.51 லட்சம் கட்ட வேண்டும் என்றது.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அரசாங்கம் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவதுண்டு. வீட்டுக்கடன் நெருக்கடியில் தெருத்தெருவாக வீடுகள் காலியானபோது, 2008இல் அந்த நாட்டு அரசு முதல் தவணையாக 392 கோடி டாலர் ஒதுக்கியது. ஜப்தியான வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, அல்லது இடித்து, அக்கம்பக்கத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பணம். வெளியேறிய குடும்பத்தின் கடனை அடைக்க அல்ல. தெரு பிழைத்தது, அதில் இருந்தவர்கள் வேறெங்கோ போயிருந்தார்கள்.

கேரளம் வேறு வழியை யோசித்திருக்கிறது. 2025 அக்டோபரில் சட்டசபை நிறைவேற்றிய ஒரே வீட்டைப் பாதுகாக்கும் மசோதா, வேண்டுமென்றே ஏமாற்றாத ஏழைக் குடும்பத்தின் கடனை அரசே ஏற்க இடம் தருகிறது. மலையாளத்தில் அந்த வீட்டுக்கு 'கிடப்பாடம்' என்று பெயர். மொழிபெயர்க்கிறவனைச் சங்கடப்படுத்தும் சொல். 'குடியிருப்பு' என்றால் சர்க்கார் வாடை அடிக்கிறது. 'தலைசாய்க்கும் இடம்' என்றால் ஓரளவு ஒட்டுகிறது.

மசோதாவில் வரம்பு உண்டு. அசல் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வட்டி, அபராத வட்டி எல்லாம் சேர்ந்தாலும் 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மானாத்துப்பாடத்துக் கணக்கை இதில் வைத்துப் பார்த்தேன். அசல் 2 லட்சம்: தேறுகிறது. நீதிமன்றம் குறைத்துக் கொடுத்த 43.51 லட்சம்: தேறவில்லை.