கோளாறு கணினியிலா, வானத்திலா?

அமெச்சூர் வானொலியில் படம் ஒலியாகத்தான் வந்து சேர்கிறது. 1500 ஹெர்ட்ஸ் கறுப்பு, 2300 ஹெர்ட்ஸ் வெள்ளை, இடைப்பட்டவை எல்லாம் வெளிச்சத்தின் படிகள். நடுநடுவே 1200 ஹெர்ட்ஸில் ஒரு சிறு துடிப்பு வரும். அதற்கு சிங்க் என்று பெயர், வரிகளைக் கோத்து நிறுத்துவது அதுதான். காப்தார்ன் மெக்டொனால்ட் என்ற அமெரிக்கர் மாணவராக இருந்தபோது உருவாக்கிய எஸ்எஸ்டிவி (ஸ்லோ ஸ்கேன் டிவி) முறை இது. 1958-இல் கியூஎஸ்டி இதழில் அவர் அதை விளக்கி எழுதினார். அன்றைக்கு ரேடாருக்குச் செய்த, மெல்ல மங்கும் குழாயில்தான் படத்தைப் பார்த்தார்கள். இன்றைக்கு ரிசீவரின் ஒலியைக் கணினிக்குள் விட்டால் எம்எம்எஸ்எஸ்டிவி போன்ற மென்பொருள் படத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது.

கொடுக்கிற படம் ஒழுங்காக இருப்பதில்லை. சாயும், வெட்டுப்படும், ஊதா பூசிக்கொள்ளும், ஓரங்கள் கிழிந்திருக்கும். அப்போது பலரும் செய்வது, மென்பொருளில் கண்ணில் பட்ட பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்ப்பது. என் வழக்கம் வேறு. முதலில் படத்தையே உற்றுப் பார்ப்பேன். இந்தக் கோளாறு என் மேசையில் பிறந்ததா, வழியில் பிறந்ததா? இதற்கு விடை தெரியாமல் எதையும் தொட மாட்டேன்.

சாய்விலிருந்து தொடங்கலாம். புதிதாக உரிமம் வாங்கிய ஒரு தம்பி, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வாங்கிய படத்தைக் காட்டினார். கீழே போகப் போக வலப்பக்கம் சரிந்துகொண்டே போயிருந்தது. "அண்ணே, டாப்ளர்தான் இப்படி இழுத்துடுச்சா?" என்றார். "இருபது மீட்டர் பேண்டுல வாங்கின படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வெவ்வேறு நாட்டு நிலையங்கள், எல்லாமே வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தன. அப்படியென்றால் குற்றவாளி வானத்தில் இல்லை, அவருடைய சவுண்டு கார்டில்.

விண்வெளி நிலையம் பெரும்பாலும் பிடி 120 முறையில் அனுப்புகிறது. ஒரு படத்துக்கு 126 வினாடி, ஒரு வரிக்கு 640 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 190 பங்கு. சவுண்டு கார்டு வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்க வேண்டும். அதன் படிகம் சற்று வேகமாக ஓடி ஐந்தே ஐந்து மாதிரி கூடினால் என்ன ஆகும்? படம் முடியும்போது 630 மாதிரி மிஞ்சிவிடும். காலமாகச் சொன்னால் 13 மில்லிவினாடி, புள்ளியாகச் சொன்னால் கிட்டத்தட்ட 70. படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே நகர்ந்துவிட்டது! அந்த ஐந்து மாதிரிப் பிசகைப் பாட்டு கேட்கும் காது ஒருநாளும் கண்டுபிடிக்காது.

மருந்து எளிது. மென்பொருளின் சிங்க் பக்கத்தில் துடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடு போல விழும். அந்தக் கோடு நிமிரும்வரை கடிகார எண்ணைத் திருத்தினால் படம் நிமிர்ந்துவிடும். ஆனால் யாரோ ஒருவர் அனுப்பிய படத்தை வைத்துத் திருத்தாதீர்கள். அவருடைய கடிகாரமும் பிசகியிருக்கலாம். அவர் பிழையையும் சேர்த்து உங்கள் கணினியில் குடியேற்றிவிடுவீர்கள். 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் போன்ற நேரக்குறி நிலையத்தைப் பிடித்து, அதன் வினாடித் துடிப்புகளோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டால் போதும். தானியங்கிச் சாய்வுத் திருத்தத்தை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். சிக்னல் நன்றாக இருக்கும்போது அது தேவையில்லை. இரைச்சல் மிகுந்தால் பொய்த் துடிப்பைத் துரத்திக்கொண்டு போய், நேராக இருந்த படத்தையும் கோணலாக்கிவிடும்.

டாப்ளர் என்று அந்தத் தம்பி சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. நிலையம் நம்மை நோக்கி வரும்போது ஒவ்வொரு வரிக்கும் அலை கடக்கவேண்டிய தூரம் குறைந்துகொண்டே வருகிறது. வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் நெருங்கினால் 126 வினாடியில் 900 கிலோமீட்டர் அளவுக்கு வழி சுருங்கிவிடும். அதனால் கடைசி வரி சுமார் மூன்று மில்லிவினாடி முன்னதாகவே வந்து நிற்கும். படம் இடப்பக்கம் 15 புள்ளி வரை சாயும். நிலையம் விலகிப் போகும்போது வலப்பக்கம். தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில் ஒரு படம் வந்தால் அது வில்லாக வளைந்திருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடிவது எனக்கு இன்றும் பெரிய வியப்பு. கேமராவும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. ஒரு படத்தின் நேர்க்கோடு வளைந்திருக்கும் விதத்திலேயே விண்கலம் வந்த வேகமும் போன வேகமும் எழுதியிருக்கின்றன. ஆனால் சவுண்டு கார்டின் 70 புள்ளிச் சாய்வு முன்னால் நிற்கும்வரை இந்த 15 புள்ளி கண்ணில் படாது. மேசைக் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் களைந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

வெட்டு என்பது வேறு நோய். பாதிப் படம் நேராக வந்து, ஒரு வரியிலிருந்து மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளிப்போய், அங்கிருந்து மறுபடி நேராகவே தொடரும். கணினி வேறு வேலையில் மூழ்கி, ஒலியின் ஒரு துண்டைத் தவறவிட்டிருக்கிறது. 10 மில்லிவினாடி விழுங்கினால் பிடி 120-இல் 50 புள்ளிக்கு மேல் நகர்வு. சிக்னல் மங்குவதால் இப்படி ஆகாது. மங்கும்போது ஒரு பட்டை முழுக்க இரைச்சல் விழும். சிக்னல் திரும்பியதும் படம் பழைய இடத்திலேயே தொடரும். இரைச்சல் இல்லாத வெட்டு என்றால் யுஎஸ்பி ஹப்பையும், பின்னணியில் ஓடும் அப்டேட்டையும், மின்சேமிப்பு அமைப்பையும் பாருங்கள்.

படம் தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கிச் சில வரிகளில் சாம்பலாகக் கரைகிறது என்றால் விண்டோஸின் இரைச்சல் நீக்கும் வசதியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மனிதக் குரலைக் காப்பாற்றவே அதை எழுதியிருக்கிறார்கள். சீராக ஒலிக்கும் எதுவும் அதற்கு மின்விசிறிச் சத்தம். படத்துக்கு முன்னால் 1900 ஹெர்ட்ஸில் வரும் அறிவிப்பொலியையே அது தின்றுவிடும். ரிசீவரில் சீரான சுரங்களை வெட்டியெடுக்கும் தானியங்கி நாட்சும் இதே வேலையைச் செய்யும். இரண்டையும் அணைத்துவிடுங்கள், சிக்னல் குறைந்தால் ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச்சையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். ரிசீவரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படம் வாங்குவது முதல் நாளுக்குச் சரி. ஆனால் அறையின் எதிரொலி புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிடும். ஒரு கேபிள் போட்டால் தீர்ந்தது. கேபிள் போட்டபின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நுழைந்து படத்தில் அலையலையாகக் கோடு விழுந்தால், நடுவில் ஒரு சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

நிறம் பற்றி ஒரு சொல். எஸ்எஸ்பியில் (ஒற்றைப் பக்கப்பட்டை முறையில்) 100 ஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்தால் எல்லாச் சுரமும் 100 ஹெர்ட்ஸ் நகரும். மார்ட்டின், ஸ்காட்டி முறைகளில் படம் வெளுக்கும் அல்லது இருளும். பிடி, ரோபோ முறைகளில் நிறமின்மைக்கே 1900 ஹெர்ட்ஸ்தான் மையம் என்பதால், சுரம் ஏறினால் படம் முழுக்க ஊதா கலந்த சிவப்பு ஏறும், இறங்கினால் பச்சை. சுரங்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபாலில் சிங்க் சரியாக 1200-இல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் என்பதால் டாப்ளர் அங்கே நிறத்தைத் தொடாது.

இதெல்லாம் முடிந்த பிறகும் நாற்பது மீட்டர் பேண்டில் மாலையில் வரும் படங்களுக்கு ஓரம் ஒழுங்காக அமையாது. செங்குத்தான ஒரு கம்பம் ரம்பப் பல் போல வரும். அயனி மண்டலத்தில் ஒருமுறை எதிரொலித்து வந்த அலையும் இருமுறை எதிரொலித்து வந்த அலையும் இரண்டு மில்லிவினாடி இடைவெளியில் சேர்ந்தால், மார்ட்டின் 1 முறையில் அது நான்கு புள்ளி. ஒரு வரியில் முதல் அலை ஓங்கும், அடுத்த வரியில் இரண்டாவது ஓங்கும். கம்பம் இங்கும் அங்குமாகத் தாவும். இதற்கு எந்த மென்பொருளிலும் மருந்து தேடாதீர்கள். கேட்டவர்களுக்கு எல்லாம் நான் சொல்வது, அந்தப் படத்தோடு அதன் மூல ஒலிப்பதிவையும் திருத்தாமல் சேமித்துவையுங்கள் என்பதுதான். கோப்பின் பெயரிலேயே யுடிசி நேரமும் அலைவரிசையும் இருக்கட்டும். அதே நிலையத்தின் நண்பகல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பத்தின் பற்கள் எந்த நேரத்தில் முளைக்கின்றன என்பது தெரியும்.