வினாவும் தேவையும்

வினவுதல் எளிது, வினாவிற்கு உண்மை விடை பெறுதல் அரிது, பெற்ற விடைக்குக் கடமைப்பட்டு நிற்றல் அதனினும் அரிது. இதனை நூலிற் பாதியும் ஊரிற் பாதியுமாக இவ்வாண்டு யாம் கற்றோம். கற்றதனை எம் கலாசாலை அன்பர்முன் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். தாம் அறிந்ததனைப் பிறர் அறிவரோ எனச் சோதிப்பது அறிவினா. அறியாததனை அறியக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் தெளியக் கேட்பது ஐயவினா. ஒன்றைப் பெறுதற்குக் கேட்பது கொளல்வினா. கொடுத்தற்குக் கேட்பது கொடைவினா. ஒரு செயலில் ஏவக் கேட்பது ஏவல்வினா. வகுப்பறையில் மனனஞ் செய்த இப்பாகுபாடு சிற்றூர்களில் உயிர்பெற்று எம்முன் நின்றது.

1969-ல், காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் எம் கலாசாலையிலும் நடைபெறுகின்றது. அதன் குழுவினராகிய யாம், அண்டையிலுள்ள ஊர்களில் வாலிபர்க்கென மாலை வகுப்பு, படிப்பகம், கைப்பந்தாட்டக் குழு ஆகியவற்றை நடத்தும் ஊழியர் 11 பேரைக் கண்டோம். இவர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர். பகலில் தறியிலும் கடையிலும் உழைத்து, அந்தியில் இப்பணிக்கு வருவோர். வாலிபர்க்கு யாது வேண்டுமென ஆராய்வார் பலர். அவ்வாலிபரைத் தாங்குவோர்க்கு யாது வேண்டுமென வினவுவார் சிலரே. ஆதலின் அவர்தம் தேவைகளை அறிய வினாத்தாள் ஒன்று அச்சிட்டுச் சென்றோம்.

வினாக்களுள் பல, 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டினுள் ஒன்றிற் குறியிடத்தக்கவை. ஊழியரோ அவ்விரண்டனையும் கடந்து பேசினர். "படிப்பகத்தில் நூல்கள் போதுமோ?" என்றோம். "விளக்கிரண்டும் பழுதாகிவிட்டன, தம்பி" என்றார் ஒரு முதியவர். இஃது உற்றதுரைத்தல். "பந்துகள் வேண்டுமோ?" என்றதற்கு, "வலை வேண்டும்" என்றார் மற்றொருவர். இஃது இனமொழி. "இங்கு நடப்பதை விளக்குவீர்களோ?" என்றதற்கு, "ஒரு மாலை நீங்களே வந்து பாருங்கள்" என்று விடை வந்தது. இஃது ஏவல். பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சகோதரியாரை, "வரும் ஆண்டும் நடத்துவீர்களோ?" என வினவினோம். அவர் சற்றுப் பேசாதிருந்து, "இருட்டிய பின் தனியே வீடு திரும்புகின்றேன், அப்பா இனித் தடுத்துவிடுவார்" என்றார். இஃது உறுவது கூறல். எண்வகை விடையுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர் விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. அக்குறிப்பு விடைகளிலேதான் அவர்களுடைய தேவை முழுவதும் தங்கியிருந்தது. ஆகவே, குறியிட்ட கட்டங்களை எண்ணிக் கூட்டுவதினும், தாளின் ஓரத்தில் எழுதி வந்த சொற்களையே பெரிதாகப் போற்றினோம்.

எஞ்சிய விடை ஒன்றுண்டு. கைப்பந்தாட்டக் குழுவை நடத்தும் தறித் தொழிலாளர் ஒருவர், தாளைக் கையில் வாங்காமலே, "முன்பும் சிலர் வந்து எழுதிச் சென்றனர். அதனால் ஆனது என்ன?" என்று எம்மைக் கேட்டார். வினாவெதிர் வினாதல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எவ்வுரையிலும் யாம் கண்டிலேம். தேவையைக் குறித்த வினா, கேட்போர் உள்ளத்தில் அறியாவினாவே எனினும், கேட்கப்படுவோர் செவியில் கொடைவினாவாகவே விழுகின்றது. 'மாணாக்கர்க்கு ஆடை இல்லையோ?' என வினவிய செல்வர் வாளா சென்றுவிடின், அவ்வினா இல்லாமையைச் சுட்டிக் காட்டியதன்றி வேறென் செய்தது? விடையைப் பெற்று, அறிக்கை எழுதி, பாராட்டையும் பெற்று அமைவோமாயின், எம் வினா அறியாவினாவுமன்று, கொடைவினாவுமன்று; ஏழையிடமே பெற்றுக்கொண்ட கொளல்வினாவாய் முடியும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த கில்பர்ட் சிலேட்டர் என்னும் பேராசிரியர், மாணவர் துணைகொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலையை ஆராய்ந்து, 1918-ல் நூலாக வெளியிட்டார். பின்வந்த அறிஞர் அவ்வூர்களுக்கு மீண்டுஞ் சென்று ஆராய்ந்தது 1940-ல் நூலாயிற்று. கேட்ட ஊருக்கு மீண்டு செல்லுதல் என்னும் அம்மரபு எமக்கு வழிகாட்டிற்று. யாமும் மீண்டு சென்றோம். பெற்ற விடைகளை அவ்வூழியர் அனைவரும் கேட்ப ஓரிடத்திற் படித்தோம். எம்மால் இயல்வதும் இயலாததும் இவையென வெளிப்படக் கூறினோம். அப்பொழுது புதுமை ஒன்று நிகழ்ந்தது. வலை இல்லையென்றவர்க்குத் தம்மிடம் கிடந்த பழைய வலையைத் தருவதாகப் படிப்பக முதியவர் முன்வந்தார். ஒருவர் குறையை மற்றவர் அறியாதிருந்ததே பெருங்குறையென அன்று விளங்கிற்று. வினாத்தாளைத் தொடாத அத்தொழிலாளரும் கூட்டத்தின் இறுதிவரை அமர்ந்திருந்தார்.

விளக்கிரண்டும் எம் குழுவின் சிறு நிதியால் எரிகின்றன. சகோதரியாரின் தேவையோ பணத்தால் தீர்வதன்று. வகுப்பு முடியும் வேளையில் அவருக்கு வழித்துணையாக எம் குழுவின் மாணவியர் இருவர் இருவராக இதுகாறும் முறைவைத்துச் சென்று வருகின்றனர். கோடை விடுமுறையில் எம் விடுதி வெறுமையாகும், அவ்வகுப்போ நின்றுவிடலாகாது. அவ்வூர்களின் அண்மையில் வாழும் பழைய மாணவியரே, பழைய மாணவர்தம் இல்லத்தரசியரே, வாரத்தில் ஒரு மாலை அவ்வழியே நடந்து உதவ உங்களுள் எவர்க்கேனும் இயலுமோ? இவ்வினா அறுவகையுள் எவ்வகைத்தென நீங்களே அறிவீர்கள். இதற்கு 'ஆம்' என்னும் நேர் விடை ஒன்றனையே எதிர்நோக்கி நிற்கின்றோம்.