மிஷினுக்கு ஒரு கடிவாளம்

சென்னையைப் பார்க்க வருகிற வெளியூர் அன்பர்கள் மெரினாவுக்குப் போவார்கள். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றுவார்கள். தியாகராய நகரில் பர்ஸைக் காலி செய்வார்கள். கல்மண்டபம் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர் யார்? அந்தப் பக்கம் லாரியும் புகையும் மீன் வாடையும்தான் என்று நினைப்பு. வாடை இருப்பது வாஸ்தவம். ஆனால் மூக்கைச் சற்று மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால், கேட்க வேண்டிய ஓசை ஒன்று உண்டு. தடித்த தோலையும் தார்ப்பாயையும் குத்தித் தைக்கிற மிஷினின் ஓசை அது.

கல்மண்டபம் ராயபுரத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி புறப்பட்டது இந்த ராயபுரத்திலிருந்துதான். இராயப்பர் என்றால் பேதுரு. அவர் பெயரில் படகுக்காரர்கள் கட்டிய கோவில் இன்றும் இங்கே நிற்கிறது. அந்தக் காலத்து மசூலாப் படகில் ஆணியே கிடையாது என்றால் நம்புவீர்களா? பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் தள்ளியே நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை இந்தத் தைத்த படகுகளே. விறைப்பான படகு அலை மோதிப் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆகவே கெட்டித் தையல் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

படகுத் தையல் போய்விட்டது. ஆனால் லாரிக்குத் தார்ப்பாய், சீட்டுக்கு ரெக்ஸின், பைக்கு வார், செருப்புக்கு ஒட்டு என்று துறைமுகத்தை அண்டிய பிழைப்பில் ஊசிக்கு ஓய்வில்லை. வீட்டு மிஷின் இதற்கு உதவாது. தடித்த தோல் பாதத்தின் கீழ் நுழையாது. நுழைத்தால் ஊசி ஒடியும். இதற்கென்றே பிறந்த மிஷினில் ஊசி, மேல் பாதம், அடிப்பல் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்தும். புதிதாக வாங்கப் பெருந்தொகை வேண்டும். அன்றாடம் காய்ச்சியான தொழிலாளி என்ன செய்வார்? ஆலையில் கழித்த பழைய மிஷினைத் தேடுவார். அங்கேதான் கதை ஆரம்பம்.

ஆலை மிஷினோடு வருகிற மோட்டாரில் ஒரு வகை, நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்றுச் சுற்றும். மிதியைத் தொட்டதும் மிஷின் பாயும். நேர்த்தையலுக்குச் சரி; செருப்பின் வளைவிலும் பையின் மூலையிலும் ஒவ்வொன்றாகத் தையல் விழ வேண்டுமே! துணியானால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். தோல் போனால் அன்றைய கூலி போயிற்று. விரல் சிக்கினாலோ பிழைப்பே போயிற்று.

இதற்கு வைத்தியம் கப்பி. சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய பல்சக்கரம் சின்னதைச் சுற்றி வேகம் கொடுக்கிறது. இங்கே தலைகீழ். மோட்டாரில் 2 அங்குலக் கப்பி. அதிலிருந்து பெல்ட், நடுவே ஓர் அச்சில் இருக்கும் 8 அங்குலக் கப்பிக்கு. 1440 நாலில் ஒரு பங்காகி 360 ஆயிற்று. அதே அச்சில் இன்னொரு 2 அங்குலக் கப்பி. அதிலிருந்து மிஷினின் 4 அங்குலச் சக்கரத்துக்கு மற்றொரு பெல்ட். 360 பாதியாகி 180. அதாவது விநாடிக்கு மூன்றே தையல்! வேகம் குறைந்த அளவுக்கு இழுப்பு கூடுகிறது. உராய்வில் போவது போக, ஏறக்குறைய எட்டு மடங்கு. பழைய இரும்புக் கடையில் ஓர் அச்சு, இரண்டு பேரிங், கொஞ்சம் கோண இரும்பு கிடைத்தால் கடிவாளம் தயார்.

இப்போது சர்வோ மோட்டார் வந்திருக்கிறது. மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் திருகி வைக்கலாம். ஆனால் மிக மெதுவாக ஓட்டும்போது பல மோட்டார்களுக்கு இழுப்புப் போதாது. அங்கேயும் கப்பிதான் துணை.

செருப்புக்கு ஒட்டுப் போடும் சிங்கர் 29 வகை மிஷினுக்கு மோட்டாரே வேண்டாம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். நீண்ட ஒல்லிக் கை செருப்புக்குள்ளேயே நுழையும். பாதம் எந்தத் திசைக்கும் திரும்பும். அந்தப் பாதத்தின் பல் மெல்லிய தோலில் தழும்பு போடுகிறதா? அரத்தால் முனையை மழுக்கலாம். அல்லது அடியில் மெல்லிய தோல் துண்டை ஒட்டலாம். தோலுக்குக் கத்தி முனை ஊசி, தார்ப்பாய்க்கு வட்ட முனை ஊசி. பருத்தி நூலானால் தேன்மெழுகு தடவ வேண்டும். உப்புக் காற்று வீசும் ஊரானதால் அன்றாடம் எண்ணெய் விடாத மிஷின் துருப்பிடிக்கும்.

1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், இயந்திரம் எல்லாவற்றுக்குமே நீங்கள் விரோதியா என்று மகாத்மாவைக் கேட்டார். தையல் மிஷினுக்கு மகாத்மா விலக்குக் கொடுத்தார். மனிதனின் அங்கங்களை முடமாக்காத இயந்திரம் அவருக்கு ஆகும். கேட்டவர்தான் பின்னாளில் நம் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

அந்த அளவுகோலை இந்தக் கப்பிக்கு வைத்துப் பாருங்கள். ஆளை விரட்டிய மிஷின், ஆளின் கைக்கு அடங்குகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சுற்றுகிற பெல்ட்டுக்கு மூடி அவசியம். ஊசி மாற்றுமுன் மோட்டாரை நிறுத்த வேண்டும். புடவைத் தலைப்பும் வேட்டி நுனியும் அருகே போகக் கூடாது. வீட்டு மிஷினில் பெரிய சக்கரம் மாட்டினால் மட்டும் அது தோல் மிஷின் ஆகிவிடாது. கழுதைக்குச் சேணம் கட்டிய கதைதான்.

அடுத்த முறை பை வார் அறுந்து தைக்கக் கொடுக்கும்போது கூலியைப் பேரம் பேசுமுன், மேஜைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். எட்டு அங்குலச் சக்கரம் ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், பேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தோன்றும்.