மலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலம் வருகிறவர்கள் ஒரே மலையைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கவுத்திமலை, வேடியப்பன் மலை என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆள் சாது, ஆனால் வயிறெல்லாம் இரும்பு!

2000-களில் தமிழக அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்து அதை வெட்டியெடுக்கத் திட்டம் போட்டன. சுற்றியிருந்த கிராமங்கள் 'முடியாது' என்றன. மலை இன்னும் நிற்கிறது.

'இரும்பு இல்லாம நாடு எப்படி சார் முன்னேறும்?' என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயம்தான். 2018-ல் ஜப்பானை முந்தி, உருக்கு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தோம். 2017 தேசிய எஃகுக் கொள்கைப்படி, 2030-31-க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் தயாரிக்கும் திறன் வேண்டும். நானும்தான் மாடி எடுக்கிறேன். கம்பி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

ஆனால் பி.காம். புத்தி பேரேட்டைப் புரட்டாமல் விடுமா? ஒடிசாவின் நல்ல ரகத் தாதுவில் நூற்றுக்கு 60-க்கு மேல் இரும்பு. நம்மூர்க் கல்லில் பாதிகூடத் தேறாது. மாவாக இடித்து, காந்தம் வைத்துப் பிரிக்க வேண்டும். மிச்சம்? தூசியும் சக்கையும் எங்கள் ஊருக்கு! தாதுவை வரவு வைத்தாயிற்று. காட்டையும், மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் தண்ணீரையும் எந்தப் பற்றில் எழுதினார்கள்? அந்த இடமே காலி.

சேலத்தில் கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் உருக்காலை கேட்டோம். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களில் ஓட ஆரம்பித்தபோது, வெளியூர் உருக்கை வாங்கித் தகடாக்கும் ஆலையாக இருந்தது. பிற்பாடு உருக்கும் உலை வந்தது. அதற்கும் தீனி கஞ்சமலை இல்லை, பழைய இரும்பு!

அப்படிப் பார்த்தால், 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிய அண்ணாச்சிதான் நம் முதல் உருக்குத்துறை நிபுணர். மத்திய அரசு 2019-ல்தான் பழைய இரும்புக்கென்று ஒரு கொள்கை வகுத்தது.

30 கோடி டன்னுக்குப் பழைய இரும்பு மட்டும் போதாது. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். எங்கே என்பதில்தான் வழக்கு. அடுத்த முறை யாராவது, 'மலைக்குள்ளே கோடி கோடியா கிடக்குது சார்' என்றால், 'நூத்துக்கு எவ்வளவு சார்?' என்று மட்டும் கேளுங்கள். பாதிப்பேர் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.